ஆஸ்திரேலியத் துணைவர் விசா (சப்கிளாஸ் 309 தற்காலிகம், 100 நிரந்தரம்): ஆனியில் கல்யாணம், ஆடியில் பிரிவு. உண்மையான திருமணம் என்று எப்படிக் காட்டுவது?

அம்பை_செல்வி

வணக்கம். பொண்ணு கல்லிடைக்குறிச்சி, மாப்பிள்ளை மெல்போர்னில் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர். பெரியவங்க பேசி முடிச்ச கல்யாணம். மாப்பிள்ளைக்கு லீவு 35 நாள்தான். ஆனி மாசம் தாலி கட்டி 24 நாள் ஒண்ணா இருந்தாங்க. ஆடி பிறந்ததும் வழக்கப்படி பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைச்சிட்டாங்க. கடைசி 11 நாள் ஆளுக்கொரு வீடு. அப்புறம் அவர் ஊருக்குப் போயிட்டார்.

கையில் இருப்பது பதிவுச் சான்றிதழ், பத்திரிகை, ஆல்பம். விசா ஏஜென்ட் இது போதும் என்கிறார். இன்னொண்ணு: பொண்ணு மாப்பிள்ளைக்குச் சொந்த அத்தை மகள். அதை எழுதவே வேண்டாம் என்றும் சொல்றார். ரெண்டுமே சரியாப் படலை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை_ஆவணம்

ரெண்டுமே தவறு. முதலில் சொந்த விஷயம், ஏனென்றால் ஆபத்து அதில்தான் அதிகம்.

ஆஸ்திரேலியத் திருமணச் சட்டம் 1961 தடுப்பது நேர் வழி உறவையும் உடன்பிறந்தவர்களையும்தான். அத்தை மகள், மாமன் மகள் தடையில்லை. அக்காள் மகளைக் கட்டியிருந்தாலும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. இந்தியப் பக்கம் இந்து திருமணச் சட்டம் 1955-ன் 5ஆம் பிரிவு வழக்கத்துக்கு விலக்குத் தருகிறது. ஆக மறைக்க ஒன்றுமே இல்லை. மறைத்தால்தான் சிக்கல். பத்திரிகையில் இரு பக்கத்துத் தாத்தா பெயரும் அச்சாகியிருக்கும். அதிகாரி அதைப் படித்துவிட்டு "சொந்தமில்லை" என்ற பதிலைப் பார்த்தால் பொய்த் தகவல் என்று 4020 விதியில் கொண்டுபோவார். அந்த விதியில் மறுத்தால் 3 வருடம் பல விசாக்களுக்குத் தடை. ஏஜென்ட் சொன்னார் என்பது பதிலாகாது, கையெழுத்து நம்முடையது.

சொந்தம் என்பது பலமும்கூட. சின்ன வயதில் ஒரே குடும்ப விசேஷத்தில் எடுத்த படங்கள் இருக்கும். ஆனால் "சிறு வயதிலிருந்தே உறவு" என்று மொட்டையாக எழுதக் கூடாது. அத்தை மகளாகத் தெரிந்தது எந்த வயதிலிருந்து, கல்யாணப் பேச்சு எழுந்தது எந்த மாதம், இருவரும் சம்மதித்தது என்றைக்கு என்று மூன்றையும் பிரித்து எழுத வேண்டும். உறவு தொடங்கிய நாள் என்று ஒருவர் பேச்சு எழுந்த நாளையும் மற்றவர் நிச்சயதார்த்த நாளையும் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை.

அடுத்து ஆதாரம். பதிவுச் சான்றிதழ் காட்டுவது திருமணம் சட்டப்படி செல்லும் என்பதை மட்டும். உறவு உண்மையானதா, தொடர்கிறதா என்பதை 1994 குடிவரவு விதிகளின் 1.15ஏ-வை வைத்துப் பார்ப்பார்கள். அதில் நான்கு தலைப்பு: பணம், குடித்தனம், ஊரார் உங்களைத் தம்பதியாக அறிவது, ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள பிடிப்பு. நீங்கள் வைத்திருக்கும் மூன்றும் மூன்றாம் தலைப்பில் ஒரே நாளுக்கான ஆதாரங்கள். மற்ற மூன்று தலைப்பும் காலி.

சேர்ந்து வாழ்ந்தது 24 நாள்தான் என்று பயப்பட வேண்டாம். 12 மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது தாலி கட்டாமல் இணைந்து வாழ்பவர்களுக்கான நிபந்தனை. மணமானவர்களுக்குச் சட்டம் கேட்பது, சேர்ந்து வாழ்கிறார்கள் அல்லது நிரந்தரமாகப் பிரிந்து வாழவில்லை என்பதுதான். வேலைக்காகக் கடல் தாண்டி இருப்பது நிரந்தரப் பிரிவு ஆகாது.

ஆடியை மறைக்காமல் தேதியோடு எழுதுங்கள். கோப்பைப் பார்க்கும் விசா அதிகாரிக்கு ஆடி வழக்கம் தெரிந்திருக்கும் என்று நம்பாதீர்கள். அவர் கண்ணில் படுவது, லீவு மிச்சமிருக்கும்போதே மனைவி வேறு வீட்டுக்குப் போய்விட்டாள் என்பது. ஜூலை நடுவில் ஆடி பிறக்கும், புது மணப்பெண்ணை ஆடிச் சீரோடு தாய் வீட்டுக்கு அழைப்பது வழக்கம், மாதம் முடிந்து ஆவணியில் திரும்புவாள் என்று நாலு வரி. அந்த 11 நாளில் மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வந்து போனது, தொலைபேசியில் பேசியது, விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போனது, எது நடந்ததோ அதற்கான படமும் அழைப்புப் பதிவும் சேர்க்க வேண்டும்.

தென்காசி_சாரல்

பாளை அண்ணாச்சி சொன்னதோடு பதிவு விஷயத்தையும் சேர்த்துக்கிடுங்க. நம்ம பக்கத்துல நிறைய பேர் மாட்டுறது இங்கதான்.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ல, கல்யாணம் நடந்து 90 நாளுக்குள்ள பதியணும். எந்த மதமா இருந்தாலும் சரி. சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்திரிகை, வயசு, முகவரிச் சான்று, சாட்சிகளோட போகணும். விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளத்துலயே நிரப்பிட்டுப் போகலாம்.

மாட்டுறது எப்படின்னா, விசாவுக்கு நேரமாகுதுன்னு சிலர் மண்டபக் கல்யாணத்துக்கு நாலு மாசம் முன்னாடியே "கோயில்ல கல்யாணம் நடந்துச்சு"ன்னு எழுதிப் பதிஞ்சிடுதாங்க. சான்றிதழ்ல ஒரு தேதி, பத்திரிகையில இன்னொரு தேதி. அதிகாரி எது கல்யாணம்னு கேட்பாரு. ரெண்டாவது தேதிதான் உண்மைன்னா முதல் சான்றிதழ் பொய்யாயிரும். நடக்காத சடங்கை நடந்ததா எழுதிப் பதியவே கூடாது. முன்னாடியே சட்டப்படி முடிக்கணும்னா சிறப்புத் திருமணச் சட்டம் 1954 இருக்கு, 30 நாள் அறிவிப்பு குடுத்துட்டு முறையா பதியலாம். அப்புறம் மண்டபத்துல ஊரறிய நடத்துனா அது ரெண்டாவது விசேஷம், அவ்வளவுதான். அதை விளக்க ஒரு பத்தி போதும்.

சான்றிதழ்ல திருமண நாள், பதிவு நாள்னு ரெண்டு இருக்கும். படிவத்துல பதிவு நாளைத் திருமண நாளாப் போட்டுடாதீங்க.

குடும்ப அட்டை: பொண்ணு பேரை அப்பா அட்டையில நீக்கி, மாமியார் வீட்டு அட்டையில சேர்க்கிறது குடித்தனத் தலைப்புக்கு நல்ல காகிதம். ஆனா பொண்ணு நெசமாவே மாமியார் வீட்டுல இருந்தாத்தான். வேலைக்காக அம்மா வீட்டுலயே இருந்தா அட்டையை மாத்தி நாடகம் ஆட வேண்டாம். ஆதார், வங்கி, வாக்காளர் அட்டை மூணுலயும் மூணு முகவரி வந்து நிக்கும்.

பாளை_ஆவணம்

பணத் தலைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்துக் கோப்புகள் பெரும்பாலும் அங்கேதான் மெலிந்திருக்கின்றன.

வழக்கமாக மாப்பிள்ளை மாதாமாதம் தன் அப்பா கணக்குக்குப் பணம் அனுப்புவார். அப்பா மருமகள் கையில் ரொக்கமாகக் கொடுப்பார். குடும்பத்தில் இதில் குறையே இல்லை. ஆனால் காகிதத்தில் மகன் அப்பாவுக்கு அனுப்பிய பணம் மட்டுமே தெரியும், மனைவி எங்கேயும் இல்லை. இந்த மாதத்திலிருந்தே மனைவி கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்லுங்கள். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரே நாளில் பெருந்தொகை போட்டு ஒரு வாரத்தில் திருப்பி எடுத்தால் அது விசாவுக்காகச் செய்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். மனைவி பக்கத்தில் அந்தப் பணம் செலவாவதும் தெரிய வேண்டும்: படிப்புக் கட்டணம், மருத்துவம், ஆங்கிலத் தேர்வு, பயணச்சீட்டு.

கூட்டுக் கணக்கு: வெளிநாட்டில் இருப்பவரின் என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்கில் ஊரில் இருக்கும் மனைவியைச் சேர்க்கலாம், "ஃபார்மர் ஆர் சர்வைவர்" (முதல் பெயருக்குரியவர், அவருக்குப் பின் மற்றவர்) என்ற முறையில். திறந்த அன்று போட்ட பணம் அப்படியே தூங்கும் கணக்கு ஆதாரமாகாது. நகை வைக்க இருவர் பெயரிலும் லாக்கர் எடுத்திருந்தால் அதன் ஒப்பந்தம் நல்ல காகிதம். அவருடைய ஆஸ்திரேலிய சூப்பர் ஓய்வூதியக் கணக்கில் இறப்புப் பயனாளியாக மனைவி பெயரைப் போட்டு உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். இங்கே எல்ஐசி பாலிசியில் நாமினி இன்னும் அம்மாவாக இருந்தால் மாற்றுங்கள். கல்யாணமாகி வருடக்கணக்கில் நாமினி மாற்றாத கோப்பு பிடிப்பு இல்லாததாகத் தோன்றும். உள்ளே அப்படி இருக்காது என்றாலும்.

வண்ணாரப்பேட்டை_மொய்

மொய் நோட்டைச் சேர்க்கலாமா? ஊர், பெயர், தொகை எல்லாம் வரிசையாக இருக்கும். 400 பேர் வந்த கல்யாணம் என்பதற்கு அதைவிடச் சாட்சி ஏது?

பாளை_ஆவணம்

நோட்டு முழுவதையும் மொழிபெயர்க்கப் பணம் கொட்டாதீர்கள். வந்த கூட்டத்தை ஆறு படங்கள் காட்டிவிடும். மேலும் தொகைகளைப் பார்த்ததும் வேறு கேள்விகள் எழலாம்.

தென்காசி_சாரல்

இதுல நான் அண்ணாச்சியோட ஒத்துப்போகலை. முதல் பக்கம் ஒண்ணு, தாய்மாமன் மொய் இருக்கிற பக்கம் ஒண்ணு, ரெண்டே பக்கம் மொழிபெயர்த்து வைங்க. தாய்மாமன் முறை செஞ்சது கல்யாணத்தைக் குடும்பம் ஏத்துக்கிட்டதுக்கு அடையாளம். ஓடிப்போய்க் கட்டினதோ காசுக்குக் கட்டினதோ இல்லைன்னு அது சொல்லும். பெத்தவங்க எதிர்ப்புல நடந்த கல்யாணத்துக்கு இந்த மாதிரிக் காகிதமே இருக்காது. அவங்க நண்பர்கள் வாக்குமூலத்தைத்தான் நம்பணும்.

பாளை_ஆவணம்

ரெண்டு பக்கம் என்றால் ஏற்கிறேன், ஒரு வரி விளக்கத்தோடு.

மொழிபெயர்ப்பு: இந்தியாவில் செய்தால் மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி, மொழித் தகுதி, அனுபவம் கடைசியில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் செய்தால் நாட்டி (NAATI, அங்குள்ள மொழிபெயர்ப்பாளர் அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்றவர். பத்திரிகையில் "ஆனி மாதம் இத்தனையாம் நாள்" என்று மட்டும் இருந்தால் ஆங்கிலத் தேதியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தமிழ் மாதத்தை ஒரு வாரம் தள்ளிக் கணக்கிட்டு, சான்றிதழோடு ஒத்துவராத மொழிபெயர்ப்புகள் வருகின்றன.

படங்கள்: மொத்தம் 20, 25 போதும், கல்யாணத்தில் ஆறுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், நிற்பவர்கள் யார். மறுவீடு, குலதெய்வம் கோயில், பாபநாசம் போனது, அவர் தாத்தா ஆச்சியோடு உட்கார்ந்திருப்பது என்று பரவலாக இருக்கட்டும். ஸ்டூடியோ படத்தைவிட யாரோ கைபேசியில் எடுத்த படத்துக்கு மதிப்பு கூடுதல், உடையும் இடமும் மாறிக்கொண்டே இருப்பதால். வாட்ஸப் அரட்டையை 500 பக்கம் ஏற்றாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். மாதத்துக்கு இரண்டு பக்கம், அன்றாட வாழ்க்கை தெரியும் பகுதியாக: சம்பளம், காய்ச்சல், மாமியாரின் கண் ஆபரேஷன், அங்கே வாடகைக்கு வீடு பார்ப்பது. அழைப்புப் பட்டியலை மாதா மாதம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும், கைபேசி மாறினால் போய்விடும். இம்மி அக்கவுண்டில் (விசா விண்ணப்பத்துக்கான இணையக் கணக்கு) ஒரு கோப்பு 5 எம்பிக்குள் இருக்க வேண்டும், எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அதனால் ஒரே தலைப்பில் உள்ளதை ஒரு பிடிஎஃப் ஆக்கிப் பெயர் வையுங்கள்.

அம்பை_செல்வி

ரொம்ப நன்றி. தம்பதியைத் தெரிஞ்சவங்க சாட்சியா எழுதித் தர்ற ஃபார்ம் 888 யாரிடம் வாங்குவது? மாப்பிள்ளையின் மெல்போர்ன் நண்பர்கள் பொண்ணை நேரில் பார்த்ததில்லை. பொண்ணு, மாப்பிள்ளை இருவருடைய வாக்குமூலத்தையும் ஏஜென்ட் ஒரே மாதிரி டைப் செஞ்சு அனுப்பியிருக்கார்.

பாளை_ஆவணம்

அந்த டைப் செய்ததைத் தூக்கிப் போடுங்கள். தம்பதி ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே எழுத வேண்டும், இரண்டு முதல் நான்கு பக்கம். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தில் "முதல் பார்வையிலேயே காதல்" என்று மாதிரிப் படிவ வசனம் வந்தால் அதிகாரி அங்கேயே நிறுத்திவிடுவார். நடந்ததை எழுதட்டும்: பேச்சை எடுத்தது யார், ஜாதகம் பார்த்தார்களா, பெண் பார்க்க வந்த நாள், கைபேசி எண் கைமாறியது எப்போது, முதலில் தயங்கியது யார், ஏன் சம்மதித்தார்கள். பிறகு இன்றைய நிலை, செலவைப் பங்கிடும் விதம், மெல்போர்ன் போனதும் எந்தப் பகுதியில் வசிப்பது, அவள் படிப்பை அங்கே தொடர்வதா. கருத்து ஒத்துப்போக வேண்டும், வாக்கியம் ஒத்துப்போகக் கூடாது. தேதிகளை மட்டும் இருவரும் உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம், அது தவறில்லை.

888 எழுதுபவர் 18 வயது நிரம்பிய ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ தகுதியுள்ள நியூசிலாந்துக் குடிமகனாகவோ இருக்க வேண்டும். இரண்டு பேர். கல்யாணத்துக்கு வந்துபோன அங்குள்ள சொந்தக்காரர் இருந்தால் அவரே முதல் தேர்வு. பெண்ணை நேரில் பார்க்காதவரும் எழுதலாம், ஆனால் தான் கண்டதை மட்டும்: எத்தனை முறை வீடியோ அழைப்பில் பேசினார், கணவர் லீவு கேட்டு அலைந்தது, அவளுக்காகச் சாமான் வாங்கியது. "நல்ல ஜோடி, நீடூழி வாழ்வார்கள்" என்ற வாழ்த்துக்கு மதிப்பில்லை. ஊரில் இருக்கும் பெரியப்பா, ஆசிரியர் போன்றவர்கள் 888-ல் எழுத முடியாது, தனிக் கடிதமாக அடையாளச் சான்றோடு தரலாம்.

சுரண்டை_மைனி

உறவுப் பெயர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பேச்சில் பெரியப்பா மகனும் அண்ணன், சித்தி மகனும் அண்ணன். வாக்குமூலத்தில் "அண்ணன் வந்து பேசினார்" என்று மொழிபெயர்ப்பாகும். சொந்த விவரங்களைக் கேட்கும் ஃபார்ம் 80-ல் உடன்பிறந்தவர் பட்டியலில் அண்ணனே இருக்க மாட்டார். உடனே முரண்பாடு. அத்தான் என்றால் கணவர், அக்காள் கணவர், அத்தை மகன் மூன்றுக்கும் பொருந்தும். இந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையே அத்தான் முறை வேறு. மாமனார் தாய்மாமாவாகவும் இருக்கிறார், ஒரே ஆளை ஒரு பக்கம் மாமா என்றும் மறு பக்கம் கணவரின் அப்பா என்றும் எழுதினால் படிப்பவர் இரண்டு ஆள் என்று எண்ணுவார். ஒரு பக்கத்தில் குடும்ப மரம் வரைந்து, பெயரும் உறவும் ஆங்கிலத்தில் எழுதி முதல் கோப்பாக வையுங்கள்.

தொலைபேசியில் நேர்காணல் வந்தால் அது முன்னறிவிப்பு இல்லாமலும் வரலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு. மைனி, கொழுந்தன் என்று சொல்லாமல் "கணவருடைய அண்ணனின் மனைவி", "கணவருடைய தம்பி" என்று நீட்டிச் சொல்லப் பழகட்டும், மொழிபெயர்ப்பவர் எந்த நாட்டுத் தமிழரோ தெரியாது. கேள்விகள் சாதாரணமானவைதான்: கணவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், யாரோடு தங்கியிருக்கிறார், கடைசியாக எதற்குச் சண்டை வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது தப்பில்லை. ஊகித்துச் சொன்ன பதில்தான் அவருடைய பதிலோடு மோதும்.

பெயரும் அப்படியே. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இனிஷியலாக, கல்யாணச் சான்றிதழில் விரித்து, ஆதாரில் கணவர் இனிஷியலோடு என்று மூன்று விதமாக இருந்தால், எல்லாம் ஒரே ஆள் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுங்கள். படிவத்தில் "வேறு பெயர்கள்" என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

நாசரேத்_ஓலை

கிறிஸ்தவக் கல்யாணமென்றால் ஆலயத் திருமணப் பதிவேட்டின் நகலோடு, ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிறுகளைக் குறித்து ஆயரிடம் ஒரு கடிதமும் வாங்கலாம். சபை முன் மூன்று வாரம் பெயர் வாசித்து யாரும் தடை சொல்லவில்லை என்பது வெளிநாட்டு அதிகாரிக்கும் எளிதில் புரியும், அவர்கள் நாட்டு ஆலயங்களிலும் அந்த முறை இருந்தது. இருவரும் வேறு வேறு சபையென்றால் இரண்டிலும் வாங்குங்கள்.

மேலப்பாளையத்தான்

நிக்காஹ் என்றால் ஜமாஅத் தப்தர் (திருமணப் பதிவேடு) நகலை மட்டும் நம்பாமல் 2009 சட்டப்படியும் பதிந்துவிடுங்கள். ஹிஜ்ரி தேதிக்கு ஆங்கிலத் தேதி எழுதி வாங்க வேண்டும். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்க, போனில் நிக்காஹ் முடித்தவர்கள் கனடாவுக்குப் போட நினைத்தால் முதலில் விசாரிக்கவும்.

பிராம்டன்_வள்ளியூரான்

மேலப்பாளையத்தார் சொன்னது முக்கியம். சடங்கில் இருவரில் ஒருவராவது நேரில் இல்லாத திருமணத்தைக் கனடா 2015 ஜூன் 11 முதல் துணைவர் ஸ்பான்சர்ஷிப்புக்கு ஏற்பதில்லை, படையினருக்கு மட்டும் விலக்கு.

கனடாவில் கேள்வி இரண்டாகப் பிரியும்: திருமணம் உண்மையானதா, குடியேற்றப் பலனை முதன்மை நோக்கமாக வைத்து நடந்ததா. இரண்டில் ஒன்றில் தவறினாலும் மறுப்பு. அதனால் இப்போது அன்பாக வாழ்கிறார்கள் என்று மட்டும் காட்டினால் போதாது, கல்யாணம் ஏன் அந்த நேரத்தில், அந்த வேகத்தில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெண் பார்த்து மூன்றே வாரத்தில் கல்யாணம் என்றால், முகூர்த்த நாள், மார்கழி வருவது, லீவு முடிவது என்று காரணத்தை, உறவு விவரங்களைக் கேட்கும் ஐஎம்எம் 5532 படிவத்தில் எழுதுங்கள். துணைவரோடு இரண்டு வருடம் வாழ வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்த வசிப்புரிமை 2017 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது, பழைய ஏஜென்ட்கள் இன்னும் அதையே சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து போட்ட குடும்ப விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஸ்பான்சர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

டாலஸ்_களக்காடு

அமெரிக்காவுக்கும் ஒரு வரி. அங்கே நுழையும் நாளில் கல்யாணமாகி 2 வருடம் ஆகவில்லை என்றால் நிபந்தனையோடு 2 வருட கிரீன் கார்டுதான். அது காலாவதியாகும் முன் உள்ள 90 நாளில் நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தை இருவரும் சேர்ந்து போட வேண்டும். முதல் விசாவுக்குக் கொடுத்த கல்யாண ஆல்பத்தையே மறுபடி கொடுத்தால் வேலைக்காகாது. அந்த 2 வருடத்துக் கூட்டு வரிக்கணக்கு, வீட்டு ஒப்பந்தம், காப்பீடு வேண்டும்.

அம்பை_செல்வி

எல்லாருக்கும் நன்றி. ஏஜென்டிடம் கோப்பைத் திரும்ப வாங்கிட்டோம். கடைசியா ஒண்ணு: 309 கிடைத்த பிறகு 100-க்கு மறுபடி எல்லாம் கேட்பார்களா?

பாளை_ஆவணம்

கேட்பார்கள். இது இரட்டை விண்ணப்பம், ஒரே கட்டணம். 100-ஐ விண்ணப்பித்த நாளிலிருந்து சுமார் 2 வருடம் கழித்து எடுப்பார்கள். விண்ணப்பிக்கும்போதே உறவு 3 வருடமாகியிருந்தாலோ, 2 வருடமாகிக் குழந்தையும் இருந்தாலோ நேராக 100 கிடைக்க வழியுண்டு. இவர்களுக்கு அது பொருந்தாது.

ஆகவே விண்ணப்பித்த தேதியை எழுதிவைத்து அன்றிலிருந்தே ஒரு கோப்புறை தொடங்கச் சொல்லுங்கள். ஐப்பசியில் தலை தீபாவளி வருகிறது. அவரால் வர முடியாவிட்டால் வேட்டி சட்டை பார்சல் அனுப்பிய ரசீது, அன்று காலை வீடியோ அழைப்பின் படம். தையில் பொங்கப்படி கொண்டுபோகும்போது மாமியார் வீட்டு வாசலில் ஒரு படம், பானையும் கரும்பும் தெரிகிற மாதிரி. அவள் அங்கே போனபின் வாடகை ஒப்பந்தம், மின் கட்டணம், மெடிகேர் அட்டை எல்லாம் இருவர் பெயரிலும். இடையில் முகவரி மாறினாலோ, கரு உண்டானாலோ, பாஸ்போர்ட் புதுப்பித்தாலோ இம்மி அக்கவுண்டில் உடனே தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும் முன்பே திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் முடித்துவிடுங்கள். நடுவில் எண் மாறினால் விசா பழைய எண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும்.